அவரைக்கொடியில் இரண்டு வேட்டைக்காரர்கள்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் அவரைக்கொடி முழுக்க, செடிச் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி அப்பிக் கிடந்தது. பக்கத்துப் பாத்தி அக்கா மருந்து அடிக்கத் தயாராக நின்றார். "கொஞ்சம் இருங்கக்கா" என்று சொல்லி இலையைத் திருப்பிக் காட்டினேன்.

தலைமுடி போன்ற காம்புகளின் நுனியில் வெளிர்பச்சை முட்டைகள். கண்ணாடி இறக்கைப் பூச்சி இட்டவை! முதலில் பொரிக்கும் புழு பக்கத்து முட்டையைத் தின்றுவிடாமல் காப்பது அந்தக் காம்புதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இன்னொரு வேட்டைக்காரனான பொறிவண்டு மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இலையிலேயே ஒட்டிவிடும். அதன் புழு, வண்டு இரண்டுமே அசுவினியைத் தின்னும். கண்ணாடி இறக்கைப் பூச்சியில் புழுதான் பெரிய வேட்டைக்காரன். அரிவாள் போன்ற தாடையால் அசுவினியைக் குத்திச் சாற்றை உறிஞ்சிவிடும். வளர்ந்த பூச்சிகளில் பல வகைகளுக்குத் தேனும் மகரந்தமும் போதும். அதனால் பாத்தி ஓரத்தில் நாலு பூச்செடி இருக்கட்டும்.

அப்புறம், கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் 28 புள்ளி வண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான். அதை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

அக்கா மருந்துப் போத்தலை மூடி வைத்துவிட்டார். நாளைக் காலை இருவரும் முட்டைகளைப் பார்க்கப் போகிறோம்.