‘செல்லம்மாள்’ பற்றி நான்கு பக்கம்

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ சிறுகதைக்கு விமர்சனம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள் எங்கள் வாசகர் வட்டத்தில். 1943-இல் ‘கலைமகள்’ இதழில் வந்த கதை. பல தடவை படித்ததுதானே என்று ஒரே ராத்திரியில் நான்கு பக்கம் எழுதிவிட்டேன்.

வட்டத்தை நடத்தும் தமிழாசிரியர் ஐயா படித்துப் பார்த்து, பென்சிலால் மூன்று சொற்களைச் சுழித்தார்: ‘உருக்கமான’, ‘அற்புதமான’, ‘நெஞ்சைத் தொடும்’. “இதெல்லாம் உங்களுக்குள்ள நடந்தது. கதையில எந்த இடத்துல நடந்தது?” என்று கேட்டார். என்னால் ஒரு வரியைக்கூடக் காட்ட முடியவில்லை.

சரி என்று மறுபடி உட்கார்ந்தேன். நான் எழுதியதில் மூன்று பக்கம் வெறும் கதைச்சுருக்கம். அதை ஒரு பத்தியாக்கினேன். அப்புறம் சுழித்த ஒவ்வொரு சொல்லுக்கும் கதையில் இடம் தேடினேன். ‘உருக்கம்’ எங்கே வருகிறது? முதல் வரியிலேயே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். அதன் பிறகுதான் கதை பின்னோக்கிப் போகிறது. பிழைப்பாளா என்ற கேள்வியே நமக்கு இல்லை. அதனால் அவள் எழுந்து உட்காருவதும், ஊருக்குப் போக ஆசைப்படுவதும் தாங்க முடியாமல் கனக்கின்றன. இந்தக் கட்டமைப்பை இத்தனை தடவை படித்தும் நான் கவனிக்கவே இல்லை.

இன்னொன்றுதான் என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. பிரமநாயகம் பிள்ளையை ‘அன்பே உருவான கணவர்’ என்று எழுதியிருந்தேன். ஆனால் மனைவி இறந்ததும் அவர் மனத்தில் ஒரு பளு நீங்கிய நிம்மதி வருகிறது. என் கருத்துக்கு ஒத்துவராததால் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஜவுளிக்கடை வேலை, குறைந்த வருமானம், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் உறவுகள். இரவு பகலாக ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொண்டவருக்கு வரும் நிம்மதி அது. அன்புக்கு எதிரானது அல்ல, அன்பு எவ்வளவு களைத்துப்போயிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இதையே என் விமர்சனத்தின் மையமாக்கி, முழுவதையும் திருப்பி எழுதினேன். ‘அற்புதமான’ என்ற சொல்லுக்குக் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை, அடித்துவிட்டேன்.

கூட்டத்தில் வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா, “நிம்மதின்னு சொல்றீங்க, எனக்கு அது மரத்துப்போனதாத்தான் படுது” என்றார். எல்லோரும் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேட ஆரம்பித்தோம்.