யகுசா வீட்டுக் காதல் கதைகள்

யகுசா எனப்படும் ஜப்பானியக் குற்றக் கும்பல்களின் குடும்பங்களைக் களமாகக் கொண்ட காதல் மங்காக்களை (ஜப்பானியப் படக்கதைகளை) நான் விரும்பிப் படிப்பதற்குக் காரணம், முரட்டு நாயகன் மீதான மயக்கம் மட்டுமன்று. சாக்கே மதுவைக் கிண்ணத்தில் பகிர்ந்து அருந்தினாலே தலைவனும் தொண்டனும் தந்தையும் மகனுமாகிவிடும் அந்த உலகத்தில், ஒரு பெண் ஒருவனை விரும்பினால், அவனோடு சேர்ந்து ஒரு முழுக் கூட்டத்தின் பகையும் விசுவாசமும் அவள் வாசலுக்கு வந்துவிடுகின்றன.

அசுகா கோனிஷி 2017 முதல் வரைந்துவரும் ‘ரைசே வா தானின் கா ஈ’ தொடரை இதற்காகவே கொண்டாடுகிறேன். ஒசாகா தலைவர் ஒருவரின் பேத்தியான யோஷினோ, பெரியவர்கள் பேசிவைத்த சம்பந்தத்திற்காக டோக்கியோவிலுள்ள மற்றொரு தலைவரின் வீட்டில் தங்க நேர்கிறது. அவளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையும் அந்த வீட்டுப் பேரனுமான, இனிக்க இனிக்கப் பேசிய கிரிஷிமா திடீரென்று முகம் மாறி, உடலை விற்றாவது தனக்குப் பணம் கொண்டுவரும்படி சொல்கிறான். அவள் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. தன் சிறுநீரகத்தை விற்று, அந்தப் பணத்தோடு அவன் முன் வந்து நிற்கிறாள். அவன் அவளிடம் மனத்தைப் பறிகொடுப்பது அந்தக் கணத்தில்தான். மீட்க வரும் நாயகனுக்காகக் காத்திராத இப்படியொரு நாயகியைக் காதல் கதைகளில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஆனால் 1960களில் 1,80,000 பேருக்கு மேல் இருந்த யகுசாக்கள், 1992இல் அவர்களை ஒடுக்க நடைமுறைக்கு வந்த சட்டத்திற்கும் அதன் பின்வந்த கெடுபிடிகளுக்கும் பிறகு பெரிதும் தேய்ந்துவிட்டார்கள். அமைப்பை விட்டு விலகியவர்கூட ஐந்தாண்டுகள் வரை வங்கிக் கணக்குத் தொடங்க முடியாமல் தவிக்கிறார். அந்தத் தவிப்பும், அவர்களிடம் பணம் பறிகொடுத்த கடைக்காரர்களின் முகமும் இக்கதைகளில் அபூர்வமாகவே இடம்பெறுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.