போராட்டக் காணொளி: சான்றும் துப்பும்

நிருபர் களத்துக்குப் போய்ச் சேருமுன் அங்கே நடந்தது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. செய்தி மேசையில் பாதி வேலை இப்போது அதைச் சரிபார்ப்பதுதான். முழுப் பொய்யைவிடப் பழையதே அதிகம் தொல்லை தரும்: எப்போதோ நடந்த தடியடி, வேறு நாட்டுக் கூட்டம், தலைப்பு மட்டும் புதிது.

காணொளியை ஆங்காங்கே நிறுத்தி நாலைந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் இரண்டிலும் தேட வேண்டும். ஒன்றில் சிக்காதது மற்றதில் சிக்கும். அடுத்து கடைப் பலகை, பேருந்தின் நிறம், நிழல். காலைப் பேரணி என்கிறார்கள், நிழலோ கிழக்கே நீண்டு கிடக்கிறது என்றால் அது மாலையில் எடுத்தது.

பதிவேறிய தேதியை நம்பவே கூடாது. எகிப்தில் போராட்டத்தின்போது 2011 ஜனவரி 28 அதிகாலை அரசு அணைத்த இணையம் பிப்ரவரி 2இல்தான் திரும்பியது. இப்படி முடக்கம் நீங்கியதும் பல நாள் காட்சிகள் ஒரே மூச்சில் வந்து குவியும்.

எல்லாவற்றையும்விட வலுவான சான்று மூலக்கோப்பு. வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே வரும். வினையும் அதில்தான். எடுத்தவர் நின்ற இடம் நமக்குச் சான்று, அவரைத் தேடுபவர்களுக்குத் துப்பு. ஆகவே மூலக்கோப்பை இணையத்தோடு இணையாத டிஸ்க்கில் வைத்து, அதன் ஹாஷ் எண்ணை, அதாவது கோப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் மாறிவிடும் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ள வேண்டும். வெளியிடுவது தகவல் நீக்கிய பிரதியை மட்டுமே. சுட்டியைச் சேமித்தால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது: 2017இல் யூடியூபின் தானியங்கி வடிகட்டி சிரியப் போர்க் காட்சிகளை ஏராளமாக நீக்கியது.

முகத்தை ஃபோனின் மார்க்கர் பேனாவால் கிறுக்கி மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். கறுப்புக் கட்டம் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைத்தான் வெளியிட வேண்டும். சிக்னல் செயலி 2020 ஜூனில் முகம் மங்கலாக்கும் வசதியைத் தந்தது. அவசரத்துக்கு நல்லது, ஆனால் அது தவறவிடும் பக்கவாட்டு முகங்களைக் கையால்தான் மறைக்க வேண்டும். முகத்தோடும் முடிவதில்லை. சட்டை வாசகம், பச்சை குத்தல், குரல் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

நேரலையில் இவை எதற்கும் இடமில்லை. கேமராவைக் கூட்டத்தின் முதுகுப் பக்கமாகப் பிடிக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.