வேலை பிராடக்ட் மேனேஜர், லெட்டரில் சப்போர்ட்

ஒரு வழியாக ஆஃபர் வந்து, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனும் முடிந்துவிட்டது. சேலம் மாதிரி ஊரில் சின்ன கம்பெனியில் இருந்துகொண்டு பிராடக்ட் மேனேஜர் வேலைக்கு, அதாவது ஒரு சாஃப்ட்வேரில் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவு செய்கிற வேலைக்கு, மாறப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்டர்வியூவுக்கான கேஸ் ஸ்டடி, கெஸ்டிமேட் (தோராயக் கணக்கு), ரைஸ் ஸ்கோர் (எந்த வேலை முதலில் என்று மார்க் போடும் முறை) எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, அதை விடுங்கள். என்னைப் படுத்தி எடுத்தது ஒரு காகிதம்.

நான் இருந்த கம்பெனி கொலுசுப் பட்டறைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறது. சேர்ந்தது சப்போர்ட்டில். நாள் முழுக்க போன் எடுத்ததில் வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும் என்றாகி, அடுத்து எதைச் செய்வது என்று ரோட்மேப் போடுவது, டெவலப்பர்களுக்கு எழுதிக் கொடுப்பது எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. சரி, டிசிக்னேஷனை மாற்றிக் கொடுங்கள் என்று எச்.ஆரிடம் கேட்டால், "பேர்ல என்னங்க தம்பி இருக்கு, அப்ரைசல்ல பாத்துக்கலாம்." அப்ரைசல் வந்தது, போனது. மெயிலுக்குப் பதிலே இல்லை.

அதன் பலனை பெங்களூரில் அனுபவித்தேன். ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்கு நேரில் வரச் சொன்னார்களே என்று இரவு பஸ் பிடித்துப் போனால், பிராடக்ட் டைட்டில் இருப்பவர்களைத்தான் பேனலுக்கு அனுப்புவோம் என்று ரிசப்ஷனிலேயே பேச்சை முடித்துவிட்டார் அங்கிருந்த ஒரு அம்மா. டைட்டில் இது, செய்கிற வேலை இது என்று ரெஸ்யூமில் தெளிவாகப் போட்டிருந்தேன், அதைப் பார்த்துத்தானே கூப்பிட்டீர்கள் என்றதற்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

அதற்காக ரெஸ்யூமில் டைட்டிலை நீங்களே மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வெரிஃபிகேஷன்காரர்கள் நேராக பழைய எச்.ஆருக்குத்தான் மெயில் போடுவார்கள். பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியும் உதவாது, அதில் கம்பெனி பெயரும் சேர்ந்த, விலகிய தேதிகளும்தான் இருக்கும், பதவி இருக்காது. நான் எச்.ஆரை விட்டுவிட்டு முதலாளியிடமே போய், எந்தத் தேதியிலிருந்து என்னென்ன பொறுப்பு பார்க்கிறேன் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் வைத்து வாங்கினேன். நோட்டீஸ் கொடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள், கொடுத்த பிறகு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பின்னால் எச்.ஆர். 'சப்போர்ட் எக்சிகியூட்டிவ்' என்று பதில் போட்டு ஃபைல் நின்றபோது அதை நகர்த்தியது இந்த லெட்டர்தான்.

இன்டர்வியூ வேறு கம்பெனியில், ஆன்லைனில். சான்றிதழ் கோர்ஸ் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது, "எந்த ஃபீச்சரை வேண்டாம் என்று தள்ளினீர்கள்?" எங்கள் முதலாளிக்கு வாட்ஸ்அப் கேட்டலாக் மேல் ஒரே ஆசை. நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் சாஃப்ட்வேரில் வெள்ளிக்கு 3 சதவீதம், கூலி வேலைக்கு 5 சதவீதம் என்று ஜிஎஸ்டி எல்லாம் கச்சிதம், ஆனால் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே ஒரு கிழிந்த டைரி. இடது பக்கம் ஆளுக்குக் கொடுத்த வெள்ளி எடை, வலது பக்கம் திரும்பி வந்த கொலுசு எடை, அடியில் சிவப்பு மையில் சேதாரம். "பில்லு ஆடிட்டருக்கு தம்பி, கணக்கு இதுலதான் ஓடுது" என்றார் பட்டறைக்காரர். கேட்டலாக்கை ஓரங்கட்டி அந்தப் பக்கத்தை அப்படியே திரையில் கொண்டுவந்தோம். அதுவரை ரெனியூவலுக்கு இழுத்தடித்த பட்டறைகள் தாமாகவே பணம் கட்டின.

பேனல் அடுத்து கேட்டது, ரெனியூவல் எத்தனை சதவீதம் கூடியது என்று. இந்த மாதிரி முன்-பின் கணக்கை வேலையில் இருக்கும்போதே குறித்து வையுங்கள், வெளியே வந்தால் லாகின் போய்விடும். சதவீதம் மட்டும் போதும், வாடிக்கையாளர் லிஸ்ட்டை பென் டிரைவில் ஏற்றினால் வேறு வம்பு.

டைட்டிலைக் காரணம் காட்டி ஒரு படி குறைத்து அசோசியேட் பிராடக்ட் மேனேஜர் என்றுதான் ஆஃபர் கொடுத்தார்கள். சரி என்றேன், ஆனால் ஆறு மாதத்தில் பதவியையும் சம்பளத்தையும் மறுபடி பார்ப்போம் என்று போனில் சொன்னதை ஆஃபர் லெட்டரிலேயே ஏற்றச் சொல்லி, திருத்தின காப்பி மெயிலில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.