கல்லூரிப் பெயர் எந்த மேசையில் எடுபடும்?

"அரசு கலைக் கல்லூரியில் படித்தேன், எனக்கு வாய்ப்பு உண்டா?" என்று கேட்கும் மாணவர்களிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, எந்த வேலைக்கு என்பதைத்தான். தேர்வாணையம் வழியாக வரும் நிரந்தரப் பணி ஒரு வகை. கொள்கை ஆய்வு நிறுவனங்கள், குறிப்பிட்ட காலத்துக்கு உதவித்தொகையோடு வேலை செய்யும் ஃபெலோஷிப், அரசுத் துறைகளில் ஒப்பந்த ஆலோசகர் என்று வளர்ந்துவரும் பணிகள் இன்னொரு வகை. இரண்டுக்கும் ஆள் எடுக்கும் முறை வேறு.

குடிமைப் பணித் தேர்வில் கல்லூரிப் பெயருக்கு மதிப்பெண்ணே கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு பட்டம் போதும். முதல் வகுப்புகூடத் தேவையில்லை. முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, ஆக மொத்தம் 2025 மதிப்பெண். விடைத்தாளைத் திருத்துபவருக்கு எழுதியவர் யாரென்றே தெரியாது. கல்லூரியின் பெயர் கண்ணில் படும் ஒரே இடம் நேர்முக அறை. விரிவான விண்ணப்பப் படிவம் குழுவின் கையில் இருக்கும். எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் இருக்காது. அந்தப் படிவத்திலிருந்துதான் கேள்விகள் பிறக்கும். பெரிய பொறியியல் கல்லூரியிலிருந்து வந்தவரிடம் "அந்தப் படிப்பை ஏன் விட்டீர்கள்?" என்பார்கள். சிறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தவரிடம் மாவட்டத்தின் தண்ணீர், பயிர், தொழில் பற்றிக் கேட்பார்கள். என் கணிப்பில் இரண்டாவதுதான் எளிது, சொந்த மாவட்டத்தை ஒழுங்காகப் படித்திருந்தால். ஒன்றிய அரசின் கெசட்டட் அல்லாத (அரசிதழ்ப் பதிவு பெறாத) குரூப் பி, குரூப் சி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகமே இல்லை. பெயர் எடுபட அங்கே இடமே கிடையாது.

டி.என்.பி.எஸ்.சி.யில் ஆளைக் கவிழ்ப்பது காகிதம். அறிவிக்கை வெளியாகும் நாளில் தகுதி கையில் இருந்தாக வேண்டும். "ரிசல்ட் அடுத்த வாரம் வரும்" என்றால் எடுபடாது. பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லுபடியாகாது. குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் பதவிக்கு, உங்கள் பட்டத்தின் பெயர் ஒரு சொல் மாறியிருந்தாலும் இணையானது என்று சொல்லும் அரசாணை வேண்டும். புதுப்புதுப் பெயர்களில் பட்டம் தரும் பளபளப்பான கல்லூரி மாணவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்; பி.ஏ. வரலாறு படித்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்பு மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய படிவத்தில், படித்த நிறுவனத்தின் தலைவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். பள்ளி மூடப்பட்டிருக்கும், வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருக்கும், பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகு இதைத் தேடி அலைந்தால் நாள் போதாது. விண்ணப்பிக்கும் முன்பே வாங்கி வையுங்கள்.

இனி இரண்டாவது வகை. இங்கே பெயர் எடுபடுகிறது என்பதை மறைத்துப் பயனில்லை. ஒரு பணியிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சி.வி. வந்து குவியும்போது, முதல் வடிகட்டலில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். தெரிந்த கல்லூரியின் பெயர் கண்ணை நிறுத்துகிறது. அதைவிடப் பெரிய காரணம் டெண்டரில் இருக்கிறது. துறைகளில் திட்ட மேலாண்மைக் குழு அமைக்க ஆலோசனை நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, தொழில்நுட்பத் திறனுக்கு நூற்றுக்கு 70 அல்லது 80, விலைக்கு மீதி என்று பிரித்து மதிப்பிடுவது பரவலான முறை. அந்தத் தொழில்நுட்ப மதிப்பெண்ணில் ஒரு பகுதி, அனுப்பப்போகும் ஆட்களின் சி.வி.க்கு. "முன்னணிக் கல்வி நிறுவனத்தில் முதுகலை" என்று ஒரு வரி அதில் இருந்துவிட்டால், நிறுவனம் அந்தப் பெயர்களைத்தான் தேடும். ஆளின் திறமை பேச்சுக்கே வராது. இது எனக்கு ஏற்க முடியாத அநியாயமாகப் படுகிறது. ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து தமிழில் குறிப்பெழுதத் தெரிந்தவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. டெண்டர் வரைவை எழுதும் அலுவலர் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, மாவட்ட அளவில் இரண்டாண்டு கள அனுபவம் என்று போட முடியும்.

எல்லா வாசலும் அப்படி இல்லை. 2022இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் முதல் வகுப்பும் தமிழறிவும் கேட்கிறது; கல்லூரியின் தரவரிசையைக் கேட்பதில்லை. கொள்குறித் தேர்வு, விரிவாக எழுதும் தேர்வு, நேர்முகம் என்று மூன்று கட்டம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆய்வு உதவி செய்யும் லேம்ப் ஃபெலோஷிப்புக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பட்டத்தின் பாடம்தான் முக்கியம்: பொருளியல் அல்லது அதன் குறிப்பிட்ட பிரிவுகளில் முதுகலை. எழுத்துத் தேர்வுக்கு 1000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200.

கொள்கைப் பணியில் சின்னக் கல்லூரிக்காரரை மேலே தூக்குவது, விண்ணப்பத்தோடு அனுப்பும் எழுத்து மாதிரி, அதாவது அவரே எழுதிய கட்டுரை. பெரும்பாலானோர் கல்லூரி அசைன்மென்ட்டை அப்படியே அனுப்புகிறார்கள்: நான்கு பக்கம் வரலாறு, ஒரு பத்தி முடிவுரை. படிப்பவர் தேடுவது வேறு. ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், காலை உணவுத் திட்டம் என்றே வைப்போம். 2022 செப்டம்பரில் 1,545 தொடக்கப் பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. மானியக் கோரிக்கையின்போது துறை பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இணையத்தில் கிடைக்கிறது. அதையும் வரவு செலவுத் திட்ட ஆவணங்களையும் வைத்து நிதியைத் தொகுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: ஓர் ஆண்டின் மதிப்பீட்டை இன்னோர் ஆண்டின் உண்மைச் செலவோடு ஒப்பிட்டு, "ஒதுக்கீடு குறைந்தது" என்று எழுதிவிடுவார்கள். மதிப்பீட்டை மதிப்பீட்டோடும், திருத்த மதிப்பீட்டைத் திருத்த மதிப்பீட்டோடும், உண்மைச் செலவை உண்மைச் செலவோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். பிறகு உங்கள் ஊரில் இரண்டு பள்ளிகளுக்குப் போய், அடுப்பு எத்தனை மணிக்கு எரிகிறது, எரிவாயு உருளை எத்தனை நாள் வருகிறது, சமைப்பவருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்று கேளுங்கள். மொத்தம் இரண்டு பக்கம். கடைசிப் பத்தியில் ஒரே பரிந்துரை: யார் செய்ய வேண்டும், எந்த அதிகாரத்தில், செலவு யாருடையது.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். "நல்லொழுக்கமும் உழைப்பும் உள்ள மாணவர்" என்ற இரண்டு வரியால் எந்தக் குழுவும் அசையாது. உங்கள் பேராசிரியருக்கு மனமில்லாமல் இல்லை, அவருக்கு நேரமில்லை. ஆய்வேட்டின் தலைப்பு, நீங்களே திரட்டிய தரவு, அவர் திருத்தச் சொல்லி நீங்கள் திருத்திய இடம், மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதி, கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே அவர் கையில் கொடுங்கள்.