வாசல் வடிகாலின் டிசம்பர் மட்டம்

வணிக வளாகம் கட்டும் இடத்தில் மழைநீர் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் கேட்கப்படுவது "பைப் எத்தனை இன்ச் போடலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வாசலில் ஓடும் மாநகராட்சி வடிகாலில், கனமழை அன்று தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும்? இது தெரியாமல் போடும் கணக்கெல்லாம் காகிதத்தோடு சரி.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பகுதி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கும். கால்வாய் நிரம்பி, கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் தண்ணீர் போக இடமில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்த வட்டாரம் நாள்கணக்கில் தேங்கிக் கிடந்தது. மே மாதம் வந்து காய்ந்த வடிகாலில் ஸ்டாஃப் (அளவுக்கோல்) வைத்து இன்வர்ட் லெவல், அதாவது வடிகாலின் அடிமட்டம், எடுத்துவிட்டு, "ஒரு மீட்டர் இறக்கம் கிடைக்கிறது" என்று எழுதிக்கொள்கிறார்கள். டிசம்பரில் அந்த ஒரு மீட்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கும். எதிர்க் கடைச் சுவரில் படிந்த நீர்க்கறையை ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் பிடித்து, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்தால், அந்த மட்டம் அரை மணி நேரத்தில் கையில் இருக்கும்.

இனி அளவு. இரண்டரை ஏக்கர், அதாவது ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் மனை. 80 சதவீதம் கூரை, கான்கிரீட், பேவர். மீதி புல்தரை. ஓட்டக் குணகம், அதாவது பெய்யும் மழையில் ஓடிவிடும் பங்கு, கான்கிரீட்டுக்கு 0.9, களிமண் புல்தரைக்கு 0.3 என்றால் சராசரி 0.78. மணிக்கு 70 மில்லிமீட்டர் மழையில் வினாடிக்கு 152 லிட்டர் ஓடும். கட்டடம் வருவதற்கு முன் அதே நிலத்தில் 58 லிட்டர்தான் ஓடியது. கூடுதலான 94 லிட்டரை ஊருக்குத் தள்ளக் கூடாது என்று முடிவெடுத்தால், ஒரு மணி நேர மழைக்கு ஏறக்குறைய 336 கன மீட்டரை மனைக்குள்ளேயே ஒரு நிலத்தடித் தொட்டியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொட்டி நிரம்பும் வரை வெளியேற்றம் முழு வேகத்தில் இருக்காது. அதனால் 400 கன மீட்டராக வைப்பது நல்லது: 14 மீட்டர், 14.5 மீட்டர், நீர் ஆழம் 2 மீட்டர்.

தொட்டிக்குள் வரும் குழாய் 450 மி.மீ. ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்), 200-க்கு 1 வாட்டம், அதாவது 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. அதில் வினாடிக்கு 200 லிட்டர் போகும். பைப் புதைக்கும்போது வாட்டம் 400-க்கு 1 ஆகக் குறைந்துபோனால் 140 லிட்டர்தான், தேவைக்குப் பத்தாது. அதனால் ஒவ்வொரு சேம்பரிலும் லெவல் பார்த்த பிறகே மண் மூட விடுங்கள்.

பழைய 58 லிட்டரை மட்டும் வெளியே விட, வெளியேறும் இடத்தில் 140 மி.மீ. துளை போதும். இதைப் பார்த்து மிரண்டு, "சின்னதாக இருக்கே, அடைச்சுக்கும்" என்று 300 மி.மீ. பைப்பை நேராக வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் வந்த தண்ணீர் வந்த வேகத்திலேயே வெளியே போய்விடும், தொட்டி கட்டிய காசு வீண். துளையைத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் போட்டு, முன்னால் கூண்டுபோல் ஒரு கிராட்டிங் வையுங்கள். அடைப்பு கிராட்டிங்கில் நிற்கும், கையால் எடுத்துவிடலாம். நிரம்பிய தொட்டி வடிய மூன்றரை, நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மழை பிடித்தால் வழிந்து போக ஒரு மேல்மட்டப் பாதை கட்டாயம் வேண்டும். அது பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவுப் பாதைக்கு எதிர்த்திசையில் போகட்டும்.

வெளி வடிகாலின் டிசம்பர் மட்டம் துளைக்கு மேலே இருந்தால் புவியீர்ப்பில் வடியாது. வெளித்தண்ணீர் உள்ளே வராமல் ஃப்ளாப் வால்வு, அதாவது வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும் மடல் கதவு, போட வேண்டும். அதன் மடலில் ஒரு பால் கவர் சிக்கினாலே போதும், மூடாது. பம்ப் என்றால் ஒவ்வொன்றும் வினாடிக்கு 29 லிட்டர், 5 மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்), 5 ஹெச்.பி. அளவில் இரண்டும் உபரியாக ஒன்றும். பம்ப்பின் மின் பேனல் போர்டை பேஸ்மென்டில் வைக்கவே வைக்காதீர்கள். தண்ணீர் வரும்போது முதலில் செயலிழப்பது அதுதான். சாலையே மூழ்கிக் கிடக்கும்போது பம்ப் தள்ளும் தண்ணீர் கேட் வழியாகத் திரும்ப வந்துவிடும். பேஸ்மென்ட் சரிவுப் பாதையின் உச்சியை அந்த நீர்க்கறை மட்டத்துக்குக் குறைந்தது 300 மி.மீ. மேலே தூக்கினால்தான் அன்றைக்குத் தப்பிக்கலாம்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இந்தத் தொட்டி மழைக்காகக் காலியாகவே காத்திருக்கும், நிலத்தடி நீரோ மழைக்காலத்தில் தரைவரை ஏறும். வெளி உயரம் 2.75 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 2.75 டன் மேல்நோக்கித் தள்ளும். 250 மி.மீ. அடித்தளம், 200 மி.மீ. மூடி, சுவர், தூண் எல்லாம் சேர்ந்தாலும் ஒன்றரை டன்தான் எடை. தொட்டி மிதக்கும், பைப் இணைப்புகள் கிழியும். அடித்தளத்தைத் தடிமனாக்கி, சுவருக்கு வெளியே அரை மீட்டர் நீட்டி அதன் மேல் மண் ஏற்றுவார்கள். இவ்வளவு அகலமான தொட்டிக்கு அதுவும் போதாமல் பைலில் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) பிடித்துக் கட்ட வேண்டி வரலாம். எப்படி என்று ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் எழுத்தில் வாங்குங்கள். மேல்மூடி போட்டு, மண்ணும் ஏற்றி முடியும் வரை குழியைச் சுற்றி நீர் இறைப்பதை நிறுத்தக் கூடாது.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். ஆனால் சதுப்பு ஓரக் களிமண்ணில், மழைநீரை மண்ணுக்குள் விட உறைகிணறு இறக்கினால் மழைக்காலத்தில் அது தானே நிரம்பி நிற்கும், உள்ளே வாங்காது. கிழக்குக் கடற்கரைச் சாலை மணலில் அதே கிணறு அருமையாக வேலை செய்யும். ஒரு மீட்டர் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். களிமண் என்றால் கூரைத் தண்ணீரைத் தனியாக ஒரு சம்ப்பில் பிடித்துக் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுமானத்தின்போது நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். தோண்டிய மண்ணை வடிகால் ஓரமாகவே குவிப்பார்கள், கான்கிரீட் லாரியை அங்கேயே கழுவுவார்கள். சிமென்ட் பால் குழாயின் அடியில் உறைந்து கல்லாகிவிடும், பிறகு உடைத்தால்தான் வரும். லாரி கழுவ ஒரு மூலையில் பாலித்தீன் விரித்த குழி வெட்டுங்கள். மண்குவியலைச் சுற்றி மணல்மூட்டை இரண்டு வரிசை, வெளியேறும் வாய்க்கு முன் ஒன்றரை மீட்டர் ஆழ வண்டல் குழி. புல்தரை வேர் பிடிக்கும் வரை உறைகிணற்று இணைப்பை எண்ட் கேப் போட்டு மூடியே வைக்க வேண்டும். ஒரு மழையின் சேறு இறங்கினால் கிணற்றின் ஜல்லி முழுவதையும் வாரி எடுத்துக் கழுவ வேண்டியிருக்கும்.

ஒப்படைத்த பிறகு, செப்டம்பர் கடைசிக்குள் தொட்டி அடி வண்டலை அளக்கச் சொல்லுங்கள். 100 மி.மீ. என்றால் 20 கன மீட்டர் இடம் போய்விட்டது என்று பொருள். ஃப்ளாப் வால்வைக் கையால் தூக்கி விடுங்கள், தானாக விழுந்து மூட வேண்டும். பம்ப்பை ஜெனரேட்டரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள், மின்வாரிய இணைப்பில் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது.