ஆயிரம் ரூபாய் திரும்பி வந்தது

எம்.இ. இரண்டாம் செமஸ்டர். நாங்களே எழுதிய சின்ன டேட்டாபேஸை நேற்று ராத்திரி லேபில் வேண்டுமென்றே பாதியில் நிறுத்திப் பார்த்தோம். ஒரு கணக்கில் ஆயிரம் ரூபாய் கழிந்துவிட்டது, இன்னொன்றில் இன்னும் ஏறவில்லை. சரியாக அந்த இடத்தில்.

மறுபடி ஓடவிட்டோம். மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் லாகை, கடைசி செக்பாயின்ட்டிலிருந்து, அதாவது அப்போதைய நிலையைக் குறித்துவைத்த இடத்திலிருந்து, டேட்டாபேஸ் படித்தது. நடந்ததையெல்லாம் ஒருமுறை திரும்பச் செய்தது. அப்புறம் பாதியில் நின்ற பரிவர்த்தனையின் மாற்றங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக ரத்து செய்தது. ஆயிரம் ரூபாய் பழைய கணக்கிலேயே இருந்தது! திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த முறைக்கு ஏரீஸ் என்று பெயர். ஐபிஎம்மில் சி. மோகனும் சகாக்களும் உருவாக்கி 1992இல் வெளியிட்டது. மோகன் சென்னை ஐஐடியில் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். ஏரீஸில், மாற்றப்பட்ட பக்கம் (டேட்டாவின் ஒரு துண்டு) டிஸ்க்குக்குப் போகும் முன் அந்த மாற்றத்தின் குறிப்பு லாகில் ஏறியிருக்க வேண்டும். எல்லாம் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. குறிப்பை எழுதிவிட்டுத்தான் கல்லாவைத் திறப்பார் எங்கள் ஊர் மளிகைக் கடை அண்ணாச்சி. அதே ஒழுங்கு.

அடுத்த வாரம், மீட்பு நடக்கும்போதே இன்னொரு முறை நிறுத்திப் பார்க்கப்போகிறோம்.